தோள் கொடுத்த மச்சான்

அத்தியாயம் ஏழு

எக்ஸ்ரேயில் ஒரு கீறல் தெரிகிறது என்று போன வாரம் ஆஸ்பத்திரியில் சொன்னதிலிருந்து மாஸ்டருக்குச் சோறு தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை. கீறல் இருந்தது அவருடைய தோளில் இல்லை. கீழ்வீட்டில் குடியிருக்கும் தங்கையின் கணவருடைய வலது தோள் எலும்பில். விலகிய அந்தத் தோளை இழுத்து உள்ளே போட்ட கைகள்தான் மாஸ்டருடையவை.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை. மாஸ்டர் என்றால் ஜிம் மாஸ்டர். மூன்று மாதப் பயிற்சி முடித்து அவர் வாங்கிய சான்றிதழ், ஜிம் வாசலில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. அந்த மூன்று மாதம் தெருவுக்குள் நடந்து வருவதற்குள் மூன்று வருடப் படிப்பாக வளர்ந்துவிட்டது. யாருக்கு முழங்கால் பிடித்தாலும், இடுப்பு சுளுக்கினாலும், மாஸ்டரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் மறுவேலை. மாஸ்டரும் வந்தவர் யாரையும் பதில் இல்லாமல் திருப்பி அனுப்பியதில்லை. பதில் தெரிந்ததா என்பது வேறு விஷயம்.

மாப்பிள்ளைக்கு வீடுகளுக்கு வண்ணம் அடிக்கும் வேலை. அதிலும் கூரையின் உட்புறம் அடிப்பதில் கெட்டிக்காரர். அண்ணாந்து பார்த்தபடி அரைநாள் நின்றாலும் ஒரு சொட்டு தரையில் விழாது. ஞாயிற்றுக்கிழமைகளில் வாலிபால். ஆறு வாரத்துக்கு முன்பு பந்தை அடிக்க எழும்பியவர், இறங்கும்போது கையை ஊன்றி விழுந்தார். உருண்டையாக இருக்க வேண்டிய தோள், மேஜை விளிம்பு மாதிரி சதுரமாக நின்றது.

மாஸ்டர் ஓடிப் போய், அக்குளில் காலைக் கொடுத்து, கையைப் பிடித்து ஒரே இழுப்பு. 'டொக்' என்று சத்தம். உள்ளே போய்விட்டது. மைதானமே கைதட்டியது.

அன்றைக்கு மாலையே, "ஒரு எக்ஸ்ரே எடுத்துடலாமே" என்று மாஸ்டரின் மனைவி சொல்லிப் பார்த்தாள். மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். உனக்கு மாத்திரை பேர் தெரியும், தசை பேர் தெரியுமா என்று கேட்டு மாஸ்டர் அவள் வாயை அடைத்துவிட்டார். அதன் பிறகு சூடாக எண்ணெய் வைத்து உருவினார். மூன்றாவது வாரம் டம்பெல்லைக் கையில் கொடுத்தார். கை மட்டும் பக்கவாட்டில் எழுந்திருக்கவில்லை. ஆறாவது வாரம் தங்கை பொறுமை இழந்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே தெரிந்ததுதான் அந்தக் கீறல்.

இன்று பிசியோதெரபி பிரிவில் முதல் நாள்.

*

"அண்ணா, நீயும் வா. அவங்க சொல்றது எனக்கு என்ன புரியப் போகுது" என்று தங்கை காலையிலேயே மாடிப்படியில் நின்று கூப்பிட்டாள். வரமாட்டேன் என்று சொல்ல மாஸ்டரிடம் காரணம் இருந்தது. சொல்லக்கூடிய காரணம் இல்லை.

கீழே மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தங்கை அவருக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே முணுமுணுத்தாள். ஆறு வாரமாகப் பச்சைக் குழந்தைக்கு மாதிரி உடுத்திவிடுகிறேன், மனிதர் கொஞ்சம் மனசு வைத்தால் என்ன என்பது அதன் சாரம். மாப்பிள்ளை சுவரைப் பார்த்தபடி கழுத்தை நீட்டிக்கொடுத்தார். கல்யாணமான புதிதில் அந்த மனிதர் வாய் திறந்தால் மூடாது. இப்போதெல்லாம் கேட்டால்தான் பேச்சு, அதுவும் பாதி.

பிசியோதெரபி அறை ஆஸ்பத்திரியின் பின்பக்கம், சலவைக்கூடத்தை ஒட்டி இருந்தது. சுவரில் மரப்படிகள் போல ஒரு ஏணி, மூலையில் பெரிய ரப்பர் பந்து, வரிசையாக நான்கு கட்டில்கள். ஒரு கட்டிலில் யாரோ ஒரு பெண் கணுக்காலில் கட்டுடன் துணிப்பட்டையைக் காலால் இழுத்துப் பழகிக்கொண்டிருந்தாள். இங்கே யாரும் யாரையும் அதட்டவில்லை என்பது மாஸ்டருக்கு முதலில் கண்ணில் பட்டது.

பிசியோதெரபிஸ்ட் ஒல்லியான அம்மாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மாப்பிள்ளையின் சட்டையை ஒரு பக்கம் மட்டும் கழற்றச் சொன்னார். இரண்டு தோளையும் முன்னால் நின்று பார்த்தார், பின்னால் நின்று பார்த்தார். வலது தோள் சூம்பியிருந்தது. தினமும் பார்த்த தோள்தான். ஆனாலும் இரண்டையும் சேர்த்து வைத்து இப்படி வெளிச்சத்தில் பார்த்தது இல்லை. மாஸ்டர் பார்வையை ரப்பர் பந்துக்கு மாற்றிக்கொண்டார்.

"கண்ணை மூடிக்கங்க. நான் பஞ்சால தொடுவேன். தொடறது தெரிஞ்சா 'ம்'னு சொல்லுங்க."

முழங்கையில் தொட்டார். ம். முன்கையில் தொட்டார். ம். கழுத்தோரம் தொட்டார். ம்.

பிறகு பஞ்சு தோளின் வெளிப்பக்கத்துக்கு வந்தது. மேலிருந்து கீழாக ஒரு கோடு. பக்கத்தில் இன்னொரு கோடு. பிறகு வட்டமாக ஒரு சுற்று. மாப்பிள்ளை கண்ணை மூடியபடி அமைதியாக உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் பொறுத்து மரியாதையாகக் கேட்டார்:

"நிறுத்திட்டீங்களா?"

பஞ்சு அப்போதும் அவர் தோளில்தான் இருந்தது.

தங்கையின் கை வாய்க்குப் போனது. மாஸ்டருக்குக் காது இரண்டும் சுட்டன.

அந்த அம்மாள் எழுதிக்கொண்டார். இதுவரை என்ன பயிற்சி செய்தீர்கள் என்று கேட்டார். தங்கை முந்திக்கொண்டாள். பெருமை இன்னும் அவள் குரலில் மிச்சம் இருந்தது.

"எங்கண்ணன் ஜிம்முல மாஸ்டர் மேடம். அன்னைக்குத் தோளைப் போட்டதே இவர்தான். அரை நிமிஷம்கூட ஆகலையாம். அப்புறம் இவர்தான் தினமும் எண்ணெய் போட்டு உருவி, எக்சர்சைஸ் எல்லாம் சொல்லிக் கொடுத்தார். மூணு கிலோ டம்பெல் வரைக்கும் எங்க வீட்டுக்காரரைத் தூக்க வெச்சார்."

பேனா நின்றது. அந்த அம்மாள் மாஸ்டரை நிமிர்ந்து பார்த்தார். திட்டியிருந்தால் மாஸ்டர் ஏதாவது எதிர்த்துப் பேசித் தப்பித்திருப்பார். அவர் திட்டவில்லை. மாப்பிள்ளையின் பக்கம் திரும்பிப் பொதுவாகச் சொல்வதுபோல் விளக்கினார். மூட்டு விலகினால், இருக்கிற நிலையிலேயே துணியால் மார்போடு கட்டி, துணியில் சுற்றிய ஐஸ் வைத்து, நேரே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். படம் எடுத்து, நரம்பு எப்படி இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் உள்ளே போடுவார்கள். போட்டபின் இரண்டு மூன்று வாரம் கையைக் கழுத்தோடு தூளி கட்டித் தொங்கவிட வேண்டும். முதல் நாட்களில் சூடும் கூடாது, உருவுவதும் கூடாது. எடை தூக்குவது மாதக்கணக்கில் தள்ளி.

மாஸ்டர் செய்தது ஒவ்வொன்றும் அந்தப் பட்டியலில் தலைகீழாக இருந்தது.

"கீறல் நல்லபடியா ஒட்டிக்கிட்டு வருது. அதைப் பத்திக் கவலை இல்லை" என்றார் அந்த அம்மாள். "தோளைச் சுத்திப் போற நரம்பு ஒண்ணு இழுபட்டிருக்கு. அதனாலதான் கை பக்கவாட்டுல எழும்பல. முக்கால்வாசிப் பேருக்குத் தானாவே திரும்பி வரும். ஆனா நாள் கணக்கு ரொம்ப முக்கியம். எனக்கு ஒண்ணு சரியாச் சொல்லுங்க. இந்த மரத்துப்போனது எப்போ ஆரம்பிச்சுது? விழுந்த அன்னைக்கேவா, பின்னாடியா?"



மாப்பிள்ளை மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தார். ஒரு கணம்தான். பிறகு முழங்காலைப் பார்த்துச் சொன்னார்: "இப்போ ரெண்டு மூணு வாரமாத்தாங்க."

அந்த அம்மாள் எழுதினார்.

மாஸ்டருக்குத் தெரியும், அது பொய். மைதானத்திலேயே, இழுப்பதற்கு முன்பே, மாப்பிள்ளை சொல்லியிருந்தார். அதற்கு நான்காம் நாள் ஜிம்மில் இன்னொரு தடவை தயங்கித் தயங்கிச் சொன்னார், சட்டை உரசுவதுகூடத் தெரியவில்லை மச்சான் என்று. நரம்பு கோபித்துக்கொண்டிருக்கிறது, இரண்டு நாளில் சமாதானமாகிவிடும் என்று மாஸ்டர் சிரித்துக்கொண்டே தட்டிக்கொடுத்தார். அதற்குப் பிறகு மாப்பிள்ளை அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

தேதி தப்பாகக் காகிதத்தில் ஏறிக்கொண்டிருந்தது. 'இல்லை மேடம்' என்று இரண்டு சொல் சொன்னால் போதும். அந்த இரண்டு சொல்லுக்குப் பின்னால் மீதிக் கதை முழுவதும் இழுத்துக்கொண்டு வெளியே வரும். தங்கை பக்கத்தில் நிற்கிறாள். கட்டிலில் இருந்த பெண்ணும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். அதோடு நின்றுவிட்டார்.

"அப்போ நரம்பை வேற ஏதாவது அழுத்துதான்னு பார்க்கணும்" என்று அந்த அம்மாள் தனக்குள் சொல்லிக்கொண்டு, வியாழக்கிழமை நரம்புப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். குனிந்து நின்று கையைக் கடிகாரப் பெண்டுலம் மாதிரி ஆடவிடுவது, சுவரில் முஷ்டியை வைத்து அசையாமல் அழுத்துவது என்று நாலைந்து பயிற்சிகளை நிதானமாகச் சொல்லிக்கொடுத்தார். மாப்பிள்ளை அவற்றைச் செய்தபோது, ஆறு வாரத்தில் முதல் தடவையாக, முகம் சுளிக்காமல் செய்தார்.

*

வெளியே வந்ததும் தங்கை பள்ளிச் சீருடை தைக்கும் கூடத்துக்கு பஸ் ஏறினாள். போகும்போது, "நீ இருந்ததால தைரியமா இருந்துது அண்ணா" என்றாள். மாப்பிள்ளை நடந்தே வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பிவிட்டார். மாஸ்டர் அவர் பின்னால் நாலு அடி போய், "மாப்பிள்ளை" என்று கூப்பிட்டார். அவர் திரும்பாமலே இடது கையைத் தூக்கி, அப்புறம் பேசலாம் என்பதுபோல் காட்டிவிட்டு நடந்தார்.

மத்தியானம் ஜிம்மில் கூட்டம் குறைவு. சுவரில் 'வலித்தால்தான் வளரும்' என்று சிவப்பில் பெரிதாக எழுதியிருக்கும். எழுதியது மாப்பிள்ளைதான், எழுதச் சொன்னது மாஸ்டர். இன்று அவர் அதற்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

மூன்று மணிக்கு பேங்கில் வேலை செய்யும் ஒருவர் கயிறு தாண்டிக்கொண்டிருந்தார். ஐம்பதை எட்டிய மனிதர், ஒரு மாதத்தில் வயிற்றைக் குறைத்தே தீர்வது என்று மனைவியிடம் சவால் விட்டவர். திடீரென்று நின்று, பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"யாருங்க கால்ல உதைச்சது?"

பின்னால் யாரும் இல்லை. அடுத்த அடி வைக்கப் போனவர் அப்படியே மடிந்து உட்கார்ந்தார்.

ஜிம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது பேங்க்காரரை இல்லை, மாஸ்டரை. முதலாளி மேஜையிலிருந்தே குரல் கொடுத்தார், மாஸ்டர் ஒரு இழுப்பு இழுத்துவிட்டால் எழுந்து ஓடுவார் என்று. நாலு பேர் சுற்றி வந்து நின்றார்கள். ஒருவர் கையில் போன் தயாராக இருந்தது.

மாஸ்டர் மண்டியிட்டார். குதிகாலுக்கு மேலே, கயிறு மாதிரி ஓட வேண்டிய தசைநாண் இருந்த இடத்தில் ஒரு பள்ளம் தெரிந்தது. அவருடைய கைகள் பழக்கதோஷத்தில் காலை நோக்கிப் போயின. பாதி வழியில் நின்றன.

"எனக்குத் தெரியாது" என்றார்.

தன் குரலில் அந்தச் சொல்லைக் கேட்பது அவருக்கே புதிதாக இருந்தது. காலை யாரும் தொடாதீர்கள், ஊன்றவும் விடாதீர்கள் என்றார். பெஞ்சைப் போட்டுக் காலை உயர்த்தி வைத்தார். குளிர்பானப் பெட்டியிலிருந்து ஐஸை எடுத்துத் துண்டில் சுற்றி வைத்தார். பேங்க்காரரைத் தானும் இன்னொருவருமாகத் தூக்கிக்கொண்டு போய் ஆட்டோவில் ஏற்றி, ஆஸ்பத்திரி பெயரை டிரைவரிடம் இரண்டு தடவை சொல்லி அனுப்பினார்.

உள்ளே திரும்பியபோது முதலாளியின் முகம் கோணியிருந்தது. வாடிக்கையாளர் முன்னால் தெரியாது என்று சொன்னால் ஜிம்முக்கு என்ன மரியாதை என்று கேட்டார். மாஸ்டர் கீழே கிடந்த கயிற்றைச் சுற்றி ஆணியில் மாட்டினார்.

போன் வைத்திருந்தவருக்குத்தான் பெரிய ஏமாற்றம். "என்ன மாஸ்டர், அன்னைக்கு மச்சானுக்கு எப்படிப் போட்டீங்க, புலி மாதிரி" என்று சொல்லி, மைதானத்தில் தான் எடுத்த பழைய வீடியோவைத் தேடி எடுத்து மாஸ்டர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

மாஸ்டர் அதைப் பார்க்காதவர் இல்லை. முதல் வாரத்தில் இருபது தடவையாவது பார்த்திருப்பார். ஒவ்வொரு தடவையும் அந்தக் கைதட்டலுக்காகப் பார்த்தது. இன்று போனை வாங்கி, ஓரமாகப் போய்க் காதோடு வைத்துக்கொண்டார்.

கைதட்டலுக்கு முன்னால் ஒரு குரல் இருந்தது. மூச்சு வாங்கியபடி, கெஞ்சலாக.

"மச்சான், தோள் பக்கம் மரத்துப்போகுது. வேண்டாம். ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம் மச்சான்."

அதற்கு மேல் ஏறி வந்த இன்னொரு குரல், மாஸ்டருடையதேதான்: "பார்த்தீங்களா, மாப்பிள்ளை பயப்படறார்."

சுற்றிலும் சிரிப்பு. அப்புறம் அந்த 'டொக்'. அப்புறம் கைதட்டல்.

கூட்டம் பார்க்கிறது என்பதற்காக இழுத்த கை அது. நாலு பேர் பார்க்காமல் இருந்திருந்தால் ஆட்டோ பிடித்திருப்பார். இது மாஸ்டருக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்ததைத் தனக்கே சொல்லிக்கொள்ளாமல் ஆறு வாரம் ஓட்டிவிட்டார். போனைத் திருப்பிக் கொடுத்தார். பாத்ரூமுக்குப் போய் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு, கண்ணாடியைப் பார்க்காமல் வெளியே வந்தார்.

*

ஆறு மணிக்குக் கீழ்வீட்டுக் கதவு திறந்திருந்தது. தங்கை தைக்கும் கூடத்திலிருந்து கொண்டுவந்த சட்டைகளின் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை இல்லை. கடைக்குப் போயிருக்கிறார் என்றாள். டீ போடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்று மாஸ்டர் நின்றுகொண்டே இருந்தார். உட்கார் என்றால் உட்கார்ந்திருப்பார், அவளுக்குச் சொல்லத் தோன்றவில்லை.

"காலையில மாப்பிள்ளை சொன்னது தப்பு" என்று ஆரம்பித்தார்.

எதைச் சொல்கிறாய் என்பதுபோல் அவள் நிமிர்ந்தாள்.

"மரத்துப்போனது மூணு வாரமா இல்லை. விழுந்த அன்னைக்கே. நான் இழுக்கறதுக்கு முன்னாடியே என்கிட்ட சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம்னு சொன்னார். நான் கேட்கலை. எல்லாரும் பார்த்துக்கிட்டு இருந்தாங்க, நான் இழுத்துட்டேன். அப்புறம் ஜிம்முல இன்னொரு தடவை சொன்னார். அப்பவும் சிரிச்சுட்டேன்."

ஊசி துணியில் பாதி ஏறி நின்றது.

ஆறு வாரமாக நெஞ்சில் கிடந்ததைச் சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்று மாஸ்டர் எதிர்பார்த்திருந்தார். பாரம் குறையவில்லை. இப்போது அது இரண்டு பேர் மேல் இருந்தது, அவ்வளவுதான்.

தங்கை கத்துவாள் என்று நினைத்தார். அவள் சட்டையை மடியிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தாள். மெதுவாகத்தான் பேசினாள்.

"உனக்கு ஞாபகம் இருக்கா அண்ணா? நாலாவது வாரம் நான் வந்து கேட்டேன், ஏன் இவருக்குக் கை எழும்பலைன்னு. நீ என்ன சொன்னே?"

மாஸ்டருக்கு ஞாபகம் இருந்தது. கையில் ஒன்றும் இல்லை, மனசில்தான் பயம், நீ கொஞ்சம் கண்டிப்பாக இரு என்று சொல்லியிருந்தார்.

"கண்டிப்பாத்தான் இருந்தேன்" என்றாள் அவள். "சோம்பேறின்னு சொன்னேன். வேலைக்குப் போகப் பிடிக்காம நடிக்கறீங்கன்னு சொன்னேன். ஒரு நாள் தட்டை அவர் முன்னாடி வெச்சுட்டு, சும்மா உட்கார்ந்து சாப்பிட வெட்கமா இல்லையான்னு கேட்டேன். அவர் இடது கையால சாப்பிட்டுட்டு எழுந்து போனார்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாஸ்டருக்கு அவளைத் தேற்றக் கை எழவில்லை. தேற்றுகிற உரிமை தனக்கு இருக்கிறதா என்றே தெரியவில்லை. தோளைக் கெடுத்ததோடு நின்றிருந்தால் ஒரு தப்பு. ஒரு மனுஷனைச் சொந்த வீட்டில் தலைகுனிய வைத்தது யார் கணக்கில் சேரும்?

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மாப்பிள்ளை இடது கையில் பையோடு உள்ளே வந்தார். இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். யாரும் ஒன்றும் சொல்லாமலே அவருக்கு விளங்கிவிட்டது. பையை மேஜையில் வைத்தார்.

"சொல்லிட்டீங்களா" என்றார்.

"நீங்க ஏன் சொல்லலை?" என்று தங்கை கேட்டாள். "இவருக்காகவா?"

மாப்பிள்ளை நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். வலது கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். மச்சானைக் காப்பாற்றத்தான் மாப்பிள்ளை பொய் சொன்னார் என்று காலையிலிருந்து மாஸ்டர் நினைத்துக்கொண்டிருந்தார். அந்த நினைப்பிலேயே கொஞ்சம் நன்றியும் கொஞ்சம் கூச்சமுமாக நாள் முழுக்க வெந்துகொண்டிருந்தார்.

"அவருக்காக எல்லாம் இல்லை" என்றார் மாப்பிள்ளை. "சொன்னா யார் நம்புவாங்க? மைதானத்துல சொன்னேன், சிரிச்சாங்க. ஜிம்முல சொன்னேன், சிரிச்சார். வீட்டுல கை வரலைன்னேன், நடிக்கறேன்னு சொன்னே. அந்தம்மா கேட்டப்போ, முதல் நாளே மரத்துதுன்னு சொன்னா, 'அப்போ ஏன் அன்னைக்கே வரலை'ன்னு அடுத்த கேள்வி வரும். நாலு பேர் சிரிச்சதுக்குப் பயந்து வாயை மூடிக்கிட்டேன்னு ஒரு பொம்பளை முன்னாடி எப்படிச் சொல்றது? எனக்கு அசிங்கமா இருந்துது. ரெண்டு மூணு வாரம்னு சொல்லிட்டேன்."

இவ்வளவு நீளமாக அவர் பேசி ஆறு வாரமாயிற்று.

மாஸ்டர் அங்கேயே நின்றார். மன்னித்துவிடுங்கள் என்ற சொல் நாக்கு வரை வந்தது. அதைச் சொன்னால், பரவாயில்லை மச்சான் என்று மாப்பிள்ளை சொல்லியே ஆக வேண்டும். உறவு அப்படி. அந்தப் பதிலை அவரிடமிருந்து பறிக்க மாஸ்டருக்கு இன்று துணிச்சல் வரவில்லை.

"தப்பு என்னோடதுதான் மாப்பிள்ளை" என்றார். "வியாழக்கிழமை நானும் வர்றேன். டாக்டர்கிட்ட நானே சொல்றேன்."

"வியாழக்கிழமை வரைக்கும் எதுக்கு?" என்றாள் தங்கை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சீட்டை எடுத்து நீட்டினாள். அதன் அடியில் பிசியோதெரபி பிரிவின் நம்பர் அச்சாகியிருந்தது. "தப்பான தேதியைப் பார்த்து அவங்க வேற எதையாவது தேடப் போறாங்க. இப்பவே கூப்பிடு."

மாஸ்டர் கூப்பிட்டார். அந்த அம்மாள் கிளம்பிக்கொண்டிருந்தார் போலிருக்கிறது, பின்னால் சாவிச் சத்தம் கேட்டது. நான் ஜிம் மாஸ்டர், காலையில் வந்தவரின் மச்சான் என்று தொடங்கி, தங்கையும் மாப்பிள்ளையும் கேட்கவே ஒன்று விடாமல் சொன்னார். பயப்படுகிறார் என்று கிண்டல் செய்ததைக்கூட விடவில்லை.  கேட்டு முடித்த பிறகு, கோப்பில் திருத்திவிடுகிறேன், நல்லவேளை இன்றைக்கே சொன்னீர்கள் என்றார் அந்த அம்மாள். விழுந்ததிலா, இழுத்ததிலா எதில் நரம்பு கெட்டது என்று இனி யாராலும் சொல்ல முடியாது என்பதையும் சொன்னார்.

அது ஆறுதலா தண்டனையா என்று மாஸ்டருக்குப் புரியவில்லை. யாராலும் சொல்ல முடியாது என்றால், ஆயுசுக்கும் அவரே கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

போனை வைத்துவிட்டு வாசல்படிக்கு வந்தார். தங்கை பின்னாலேயே வந்தாள். கதவைப் பாதி சாத்திக்கொண்டு, உள்ளே கேட்காத குரலில் சொன்னாள்:

"நாளைக்குக் காலையில இவருக்கு வேலை கொடுக்கற மேஸ்திரி வர்றார். அந்தப் பெரிய மண்டபத்துக் கூரை வேலை இருக்கே, அதை வேற யாருக்கும் கொடுக்காம இவருக்குன்னு நிறுத்தி வெச்சிருக்காராம். ஒண்ணாம் தேதி ஏணி ஏறிடுவார்னு நீ அவருக்கு வாக்குக் கொடுத்தியாமே."

மாஸ்டருக்கு அப்போதுதான் நினைவு வந்தது. பத்து நாளைக்கு முன்பு டீக்கடையில் மேஸ்திரி கேட்டார். நான்கு பேர் இருந்தார்கள். ஒண்ணாம் தேதி பாருங்கள், என் பொறுப்பு என்று மார்பில் தட்டிச் சொல்லியிருந்தார்.

"இவருக்கு இது தெரியாது" என்றாள் தங்கை. "மேஸ்திரி இவர்கிட்ட நேரா வந்து கேட்டா என்ன ஆகும்னு நீ யோசிச்சியா?"

"நான் என்ன சொல்லட்டும்?"

கேட்ட பிறகுதான், தங்கையிடம் தான் இப்படி ஒரு கேள்வி கேட்பது இதுவே முதல் தடவை என்று மாஸ்டருக்கு உறைத்தது.

"இத்தனை நாளா எல்லாருக்கும் பதில் சொன்னது நீதானே அண்ணா" என்று சொல்லிவிட்டு அவள் கதவைச் சாத்தினாள்.